நான்காவது மூலை

ஓசூரில் மார்கழிப் பனி இறங்கும் இரவுகளில் என் தையலறை விளக்கு நெடுநேரம் எரிகிறது. மேசைமீது விரிந்திருப்பது, மறைந்த அப்பாவின் தொழிற்சாலைச் சீருடைகளை வெட்டித் தைக்கும் ஒட்டுப்போர்வை. சிப்காட்டில் அவர் உழைத்த காலத்தின் எண்ணெய்க் கறை ஒரு துண்டில் இன்னும் போகவில்லை. அதை எறிய மனமின்றி நடுவில் வைத்தேன்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இத்தகைய போர்வையைக் கௌதி என்பர். உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்கின்றனர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைப்பர். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு பூக்கள் வைத்தால்தான் அது முழுமை பெறும்.

ஆப்பிரிக்க வழிவந்தோர் வாழும் இன்னொரு சிற்றூர், அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள கீஸ் பெண்ட். அங்கே 1942இல் மிசௌரி பெட்வே என்பவர், இறந்த கணவரின் வேலை உடுப்புகளைப் போர்வையாகத் தைத்தார். 2002இல் அவ்வூர்ப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் அவர் தைத்தது காட்சிக்கு அன்று; நினைவோடு போர்த்திக்கொள்வதற்கு.

நானோ மூன்று மூலைகளோடு நிறுத்தியிருந்தேன். நான்காவது பூவையும் வைத்துவிட்டால், அப்பாவோடு இருக்கும் இவ்விரவுகள் முடிந்துவிடுமே என்ற அச்சம். நேற்று அம்மா வந்து எண்ணெய்க் கறையைத் தடவிப் பார்த்தாள். "குளிர் போவதற்குள் கொடுத்துவிடு" என்றாள்.

ஊசியில் நூல் கோத்தேன்.