பேருதான் எக்ஸ்பிரஸ் ரோடு!

பீச், தி.நகர், மாயாஜால்... சென்னையில ஊர் சுத்தணும்னா நம்ம பசங்க லிஸ்ட் இவ்ளோதான். ஒரு தடவை லிஸ்ட்டுக்கு வெளியே வாங்க பாஸ். ராயபுரத்துல இருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியா எண்ணூர் போற கடலோர ரோட்டுல ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்க. ஒரு பக்கம் கருங்கல் கொட்டின கரை, அதுக்கு அப்பால கடல். ரோட்டுல, ஒண்ணு பின்னால ஒண்ணா கன்டெய்னர் டிரெய்லருங்க. எல்லாம் துறைமுகத்தோட ஜீரோ கேட்டைப் பார்த்து நிக்கும். உள்ளே நெரிசல் ஆயிட்டா வரிசை கிலோமீட்டர் கணக்குல நீளும். இந்த ரோட்டுக்குப் பேரு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. குசும்பைப் பாருங்க!

ஏன் இந்த க்யூ? சென்னைத் துறைமுகம் 1881-ல வந்தது. அதைச் சுத்தியே ஊரும் வளர்ந்துடுச்சு. 1983-ல கன்டெய்னர் முனையம் திறந்தப்போ, நாற்பதடிப் பெட்டியைத் தூக்கிட்டு வர்ற வண்டிக்கெல்லாம் வழி இந்த ஊருக்குள்ளதான். கேட்டுல பேப்பர் பார்க்கணும், சீல் பார்க்கணும், பெட்டி நம்பர் பார்க்கணும். கப்பல் லேட்டானாலும் சரி, உள்ளே பெட்டி அடுக்க இடமில்லைனாலும் சரி, அடி விழறது ரோட்டுல நிக்கிறவங்களுக்குத்தான். துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009-ல அடிக்கல் நாட்டினாங்க. 2012-ல வேலை நின்னுச்சு. 2022-ல ரெண்டடுக்கு மேம்பாலம்னு மறுபடியும் ஒரு அடிக்கல். வண்டிங்க மட்டுமில்ல, பாலமும் க்யூலதான் நின்னுச்சு!

சரி, நிக்கிறவங்க என்ன பண்றாங்க? 'எவ்ளோ நேரமா நிக்கிறீங்கண்ணே?'னு கேட்டா, பல பேர் மணிக்கணக்கு சொல்ல மாட்டாங்க. சாப்பாட்டுக் கணக்குதான். மத்தியானச் சோறு அந்த வளைவுல, ராத்திரிச் சோறு இந்த போஸ்ட் மரத்துகிட்ட... அப்படி!

சோறுன்னா சும்மா இல்ல. வண்டியோட பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தா சின்ன கேஸ் ஸ்டவ், குக்கர், மிளகாய்த்தூள் டப்பான்னு ஒரு குட்டி சமையக்கட்டே இருக்கும். காசிமேடு பக்கத்துல நின்னா மீன் குழம்பு கேரன்ட்டி. மூணு வண்டி டிரைவருங்க சேர்ந்தா ஒருத்தர் அரிசி, ஒருத்தர் தண்ணி கேன், ஒருத்தர் கைப்பக்குவம். நம்ம ஹாஸ்டல்ல நடுராத்திரி மேகி பார்ட்டி நடக்குமே, அதே ஃபார்முலா!

தூக்கம்தான் பெரிய ரோதனை. வரிசை எப்போ நகரும்னு தெரியாது. முன்னாடி வண்டி போய் நீங்க போகலைன்னா, சைடுல ஒருத்தன் மூக்கை நுழைச்சுடுவான். கிளீனர் இருந்தா மாத்தி மாத்தி முழிக்கலாம். தனியா வர்ற டிரைவருக்கு பின்னால நிக்கிறவர்தான் அலாரம். கதவுல 'டம் டம்'னு தட்டி எழுப்பி விடுவார். நாளைக்கு இவர் அவருக்குத் தட்டுவார். பேரு தெரியாது, ஊரு தெரியாது... ஆனா நட்பு!

டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைச்சா கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். 2025 அக்டோபர் 1-ல இருந்து தயாராகிற லாரிகள்ல கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனா நிக்கிற வண்டியில ஏ.சி. ஓடணும்னா இன்ஜின் ஓடணுமே! அதனால பல பேருக்கு இன்னமும் டிரெய்லருக்கு அடியில விரிக்கிற பாய்தான் ஏ.சி. ரூம். சக்கரத்துக்குக் கட்டை வைக்காம யாரும் படுக்க மாட்டாங்க. மறந்தா... வேணாம், சொல்ல வேணாம்.

இவ்ளோவும் சிரிச்சுக்கிட்டே செய்யறாங்களேன்னு நாம ரசிச்சுட்டு வந்துடலாம். ஆனா கணக்குப் பார்த்தா சிரிப்பு வராது. ட்ரிப்புக்கு இவ்ளோன்னு சம்பளம் பேசிட்டு வர்றவருக்கு, நிக்கிற நாள்ல வருமானம் இல்ல, செலவு மட்டும் இருக்கு. வாரத்துல மூணு ட்ரிப் அடிக்க வேண்டியவர் ஒண்ணோட நின்னா, வீட்டுக்குப் போற பணமும் அதே கணக்குலதான் குறையும்.

சட்டம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல, ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு இருந்துச்சு. 'வேலை நேரம்'னா என்னன்னும் அதுலயே எழுதியிருந்தாங்க. முனையத்துல சும்மா காத்திருக்கிற நேரத்தைப் பத்தி ஒரு வரி... 15 நிமிஷத்துக்குக் குறைவா இருந்தா அது வேலை நேரத்துல சேரும்! அப்போ 15 மணி நேரம் நின்னா? அந்தச் சட்டம் 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள்ள போயிடுச்சு. கேள்வி மட்டும் ரோட்டுலயே நிக்குது. தூங்கவும் முடியாது, வண்டியை விட்டு நகரவும் முடியாதுன்னா, அது ஓய்வா, வேலையா?

இன்னொண்ணும் பாக்கி இருக்கு. வரிசை நிக்கிற இடத்துல எல்லாம் கழிப்பறை இருக்காது. அவசரம்னா கருங்கல் இடுக்குதான். வண்டியை விட்டுட்டுத் தூரம் போனா பேட்டரி, டீசல் எது காணாமப் போகும்னு தெரியாது.

க்யூவைக் குறைக்க மேம்பாலம் வேணும், ஒத்துக்கறோம். ஒரு கக்கூஸ் கட்ட மேம்பாலம் வரணுமா என்ன?