கற்பிட்டிக் கடலில் ஒரு காலை

சென்ற மார்கழி விடுமுறையில் ஆசிரிய நண்பர்கள் இருவருடன் யாழ்ப்பாணத்திலிருந்து கற்பிட்டிக்குப் பிரயாணமானேன். டொல்பின்களைப் பார்க்க வேண்டும் என்பது நண்பரொருவரின் நெடுநாள் ஆசை. புத்தளத்தைக் கடந்து பாலாவிச் சந்தியில் திரும்பியதும், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக ஒடுங்கி நீளும் தீபகற்பம் தொடங்குகிறது. தென்னைகளுக்கு மேலாக நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. அதற்கும் வடக்கே, ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டையுடன் சிறு பட்டினமாகக் கிடக்கிறது கற்பிட்டி. அதனை அடுத்த கடலிலுள்ள பவளப்பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

வழிநெடுக விளம்பரப் பலகைகள். பலவற்றிலும் டொல்பின் துள்ளிக்கொண்டிருந்தது. பலகைகளுக்கு இடையே தகரக் கூரைகளும் கிடுகு வேலிகளுமாகக் குடியிருப்புகளும் வந்து போயின. அவற்றை நான் கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் பார்க்க வந்தது வேறு.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இக்கடல் அடங்கியிருக்கும்; சோளகம் எழுந்துவிட்டால் சிறு படகுகள் இறங்குவது கடினம். மறுநாள் விடியற்காலையில், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகொன்றில் ஏறினோம். படகோட்டி நாற்பதைக் கடந்த முஸ்லிம் அன்பர். ‘நானா’ என்றே அழைத்தோம். ஒரு மணி நேரம் ஓடியபின் அவர் கையை நீட்டினார். கடற்பரப்பு கொதிப்பது போலிருந்தது. நூற்றுக்கணக்கான டொல்பின்கள்! மேலெழுந்து, தம் உடலையே அச்சாக்கிப் பம்பரம்போற் சுழன்று, மீண்டும் நீரில் விழுந்தன. கடலோரத் தமிழில் இவ்வுயிரினத்துக்கு ‘ஓங்கில்’ என்றொரு பெயர் உண்டு.

எமக்கு முன்னே ஐந்தாறு படகுகள் கூட்டத்தை ஊடறுத்தும் வளைத்தும் ஓடின. எங்கள் நானாவோ தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். நண்பருக்குப் பொறுக்கவில்லை.

“கிட்டப் போங்கோ நானா, மற்றப் படகெல்லாம் போகுதே!”

“இது ராவெல்லாம் இரை தேடிட்டு, காலையில இளைப்பாற வாற சாதி, சேர். வளைச்சுத் துரத்தினா பயந்து ஆழத்துக்குப் போயிரும். துரத்தாம நின்டா அதுவா வரும்.”

அவ்வாறே வந்தன. தாயும் குட்டியுமாக இரண்டு, படகின் அணியத்துக்குக் கீழே எம்மோடு நீந்தின. இரவில் ஆழத்திலிருந்து மேலெழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் உண்டு, பகலில் ஓய்வு கொள்வது இவ்வினத்தின் இயல்பென்று உயிரியலாளரும் கூறுவர். கடல்வாழ் முலையூட்டிகளைப் பார்க்கச் செல்வோர்க்கு அரசாங்கம் 2012இல் ஒழுங்குவிதிகளும் வகுத்தது. ஆனால், பணம் கொடுத்தவன் “கிட்டப் போ” என்று அவசரப்படுத்தும்போது, அன்றாடக் கூலிக்குப் படகோட்டுபவன் எத்தனை நாளைக்கு விதியைக் காப்பான்? நானா காத்தது விதிக்காக மட்டுமன்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

திரும்பும் வழியில், “நீங்கள் கற்பிட்டியிலேயே பிறந்தவரோ?” என்று கேட்டேன்.

“இல்ல சேர், மன்னார். எருக்கலம்பிட்டி. தொண்ணூறில இந்தக் கடலாலதான் வந்தோம். எனக்கு அப்ப பத்து வயசு. வாப்பா காயப்போட்ட வலையை அப்படியே விட்டுட்டு வள்ளம் ஏறினாரு.” சிறிது நேரம் கழித்து, “நீங்க எந்த ஊரு?” என்றார்.

“யாழ்ப்பாணம்.”

அவர் முகம் மாறவில்லை. “அங்க இப்ப மீன் என்ன விலை?” என்று மட்டும் கேட்டார். கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். இப்பகுதி மக்கள் தாமும் வறியவராயிருந்தும், தம் கிணற்றையும் களப்பையும் பள்ளிக்கூடத்தையும் அவர்களோடு பங்கிட்டனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் மீண்டனர், பலருக்கு இயலவில்லை. “இங்க முப்பது வருசத்துக்கு மேல ‘அகதி’, மன்னாருக்குப் போனா ‘புத்தளத்து ஆள்’,” என்று நானா சிரித்தார்.

அந்த ஆண்டில் நான் கைக்குழந்தை. எனக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில் இச்செய்தி எவ்வாறு பேசப்பட்டது என்பது நினைவுக்கு வந்தது. “சோனக ஆக்கள் போயிட்டினம்.” அவ்வளவே. ஒரு திருவிழா முடிந்து ஆட்கள் கலைந்தது போல! இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அவ்வாக்கியத்தின் பிழை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோன்றவில்லை. அவர்கள் நீங்கவில்லை, நீக்கப்பட்டனர். தன்வினையில் ஒளிந்து கொண்டது எம்முடைய மனச்சாட்சி. எம் பெயராற் செய்யப்பட்ட அநீதியை, நாம் செய்யவில்லை என்பதனாலேயே நாம் பேசாதிருக்கலாகாது.

டொல்பினைப் பார்க்கப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போகத்தான் வேண்டும். தன் இடத்தில் அச்சமின்றி இளைப்பாறும் உயிரைக் காண்பது பெரும் இன்பம். ஆயின், கடலின் உயிர்களுக்கு அவ்வுரிமை உண்டென்று இரங்கும் நெஞ்சம், அப்படகைச் செலுத்தும் மனிதனுக்கும் அது உண்டென்று ஒப்ப வேண்டும். துரத்தப்பட்டவரிடமிருந்து துரத்தாமையைக் கற்றுவந்தவன் நான்.

தவணை தொடங்கியதும் பத்தாம் வகுப்பில் தன்வினை, பிறவினைப் பாடம். கரும்பலகையில் “ஊரைவிட்டு நீங்கினர்” என்றும், அதன் கீழ் “ஊரைவிட்டு நீக்கினர்” என்றும் எழுதினேன். ஓரெழுத்துத்தான் வேறுபாடு. “யாரை, சேர்? யார்?” என்று பின் வரிசையிலிருந்த மாணவி கேட்டாள்.

சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கற்பிட்டியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.