ஒரு தலையும் வேறோர் உடலும்

மெல்பர்ன் நகரின் புறப்பகுதியொன்றில் நாம் பங்குப்பணி ஆற்றிய ஆண்டுகளில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எம்மைத் தேடி வருவோர் ஞானஸ்நானச் சான்றிதழோ, நோயாளியின் வீட்டிற்கு வருகையோ கேட்டு வருவது வழக்கம். யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவர் ஒரு ஞாயிறன்று கேட்ட கேள்வியோ எமக்குப் புதியது.

"சுவாமி, ஒரு காரின்ர எஞ்சினுக்கு வேற காரின்ர தலையைப் பூட்டலாமோ? மகன் ஏலும் எண்டு நிக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்குது."

இக்கேள்வி எம்மிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. எம் தந்தையார் திருச்சியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். குருமடத்து விடுமுறைகளில் எல்லாம் நாம் கையில் கிரீசுடன்தான் இருந்தோம். பங்கு மக்களின் சுற்றுலாவின்போது வழியில் நின்றுபோன பேருந்தை ஒருமுறை ஓட வைத்துவிட்டோம். அன்று முதல் எம்மீது இல்லாத புகழெல்லாம் ஏற்றப்பட்டது.

அந்தக் கார், வி.எல். என்னும் வரிசையைச் சேர்ந்த ஹோல்டன் கமொடோர். 1986 முதல் 1988 வரை விற்பனையான வண்டி. 1986இல் ஆஸ்திரேலியாவில் புதிய கார்கள் யாவும் ஈயமற்ற பெட்ரோலில் ஓட வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, ஹோல்டன் தன் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கைவிட்டு, ஜப்பானிலிருந்து நிசான் நிறுவனத்தின் மூன்று லிட்டர் எஞ்சினைத் தருவித்தது. ஆர்.பி.30 என்பது அதன் பெயர். ஆக, அவ்வண்டி பிறக்கும்போதே ஒருவரின் உடலில் இன்னொருவரின் இதயத்தைத் தாங்கிப் பிறந்தது!

அகதியாய் வந்திறங்கிய அத்தாயாரின் கணவர், முதன்முதல் தம் சம்பாத்தியத்தில் பழையதாய் வாங்கிய கார் அது. பிள்ளைகளை ஞானஸ்நானத்திற்குக் கொண்டுவந்ததும் அதிலேதான். அவர் இறந்து மூன்றாம் ஆண்டில், கொடுங்கோடையின் ஒரு பிற்பகலில், தண்ணீர்க்குழாய் வெடித்ததை அறியாமல் மகன் சில மைல்கள் ஓட்டிவிட்டான். சிலிண்டர் ஹெட் வெடித்துப்போயிற்று. "அப்பாவின்ர காரை நான்தான் கொண்டனான்" என்று அவன் இரு வாரம் சரியாக உண்ணவில்லையாம்.

அதே வகை ஹெட் ஒன்றைத் தேடிப் பொருத்துவதே மலிவும் எளிதும் என்பது எம் கருத்து. அதை வெளிப்படையாகவே கூறினோம். இருபத்தாறு வயது இளைஞனுக்கு அது எப்படிச் செவியில் ஏறும்? நிசானின் ஸ்கைலைன் காரில் வந்த ஆர்.பி.25 என்னும் இரண்டரை லிட்டர் எஞ்சினின் ஹெட்டை அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். பழையதில் ஒரே கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். இதிலோ இரண்டு கேம் ஷாஃப்டுகள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். காற்று தாராளமாய் உட்புகும், சக்தி கூடும்.

இவ்வாறு பொருத்துவது வீண் கனவன்று. ஆஸ்திரேலியாவில் பலர் செய்து ஓட்டும் காரியமே. இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். சிலிண்டரின் விட்டம் இரண்டிலும் 86 மில்லிமீட்டர். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றே. இந்த ஒற்றுமை இல்லாவிடில், எத்தகைய கைத்திறனாலும் பயனில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமே இதைச் செய்திருக்கிறது. ஐந்து லிட்டருக்கு மேற்படாத எஞ்சின்களுக்கான கார்ப்பந்தயத்தில் வெல்ல விரும்பி, வின்ட்சர் குடும்பத்து பிளாக்கின்மேல் கிளீவ்லாந்து குடும்பத்து ஹெட்டுகளை ஏற்றி, 1969, 1970ஆம் ஆண்டுகளில் பாஸ் 302 மஸ்டாங் என்று விற்றது. போல்ட்டுத் துளைகள் பொருந்தின. தண்ணீர் வழிகளோ பொருந்தவில்லை. வின்ட்சரில் தண்ணீர் ஹெட்டிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு வழியே வெளியேறும். கிளீவ்லாந்திலோ மீண்டும் பிளாக்குக்கே இறங்கும். ஆகவே தண்ணீர் வழிகளை மாற்றித்தான் அதைச் செய்தார்கள். தொழிற்சாலைக்கே அந்தப் பாடு என்றால், ஒற்றைப் பல்பு எரியும் வீட்டுக் கொட்டகையில் நாம் எம்மாத்திரம்?

ஆறு சனிக்கிழமைகள் அங்கே கழிந்தன. மூன்று லிட்டர் பிளாக் மற்றதைவிட ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் உயரம். ஆகவே டைமிங் பெல்ட் நீளமானதாக வேண்டும். அதை இறுக்கும் டென்ஷனருக்குப் புதிய இடத்தில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். வார்ப்பிரும்பில் தவறாய் இட்ட துளையை மீட்க வழியில்லை. அவன் துளையிட்டபோது தாயார் உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது அழுத்த விகிதம். இதை அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆர்.பி.25இன் ஒரு சிலிண்டர் இழுப்பது 416 கன சென்டிமீட்டர் காற்று. விகிதம் பத்துக்கு ஒன்று. எனவே பிஸ்டன் மேலேறிய பின் எஞ்சும் இடம் சுமார் 46. ஆர்.பி.30இலோ ஒரு சிலிண்டர் இழுப்பது 494. எஞ்சும் இடம் அதே 46 ஆனால் விகிதம் 11.7 ஆகிவிடும், சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டத் தொடங்கி, நாளடைவில் பிஸ்டனே உடையும். ஊகத்தில் விடாமல், மருந்துக்கடை ஊசிக்குழலால் ஹெட்டின் குழிகளிலும் பிஸ்டனின் முகக்குழியிலும் திரவம் ஊற்றி அளந்தோம். கேஸ்கெட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டோம். கிடைத்தது அவன் ஆசைப்பட்டதைவிடக் குறைந்த, ஆனால் அச்சமற்ற எண். முகம் வாடினான். நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

எண்ணெய் வழி இன்னொரு தொல்லை. புதிய ஹெட்டில் இன்டேக் கேம் ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் அமைப்பொன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது; பழைய பிளாக்கிலோ அதற்கு வழியே கிடையாது. வெளியே தனிக்குழாய் ஓட்டிக் கொடுத்தோம். மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அவன் நண்பர்கள் பார்த்துக்கொண்ட விஷயம். எமக்கு அவை விளங்கா.

ஐந்தாம் சனிக்கிழமை நேர்ந்த பிழை எம்முடையதே. நீளமான பெல்ட் வேறு பயன்பாட்டிற்கானது. அதில் எமக்கு உதவும் குறிகள் இல்லை. பற்களை எண்ணியே பொருத்த வேண்டும். எண்ணியவர் நாம். மூட்டும் முன் பிஸ்டன்மேல் களிமண் அப்பி, ஹெட்டை வைத்துக் கையால் இருமுறை சுழற்றிப் பிரித்துப் பார்த்தால், வால்வு பதிந்த இடத்தில் களிமண் காகிதம்போல் மெலிந்திருந்தது. மீண்டும் எண்ணினோம். ஒரு பல் தவறியிருந்தது. அப்படியே மூட்டி ஓடவிட்டிருந்தால்? அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை ஃபாதர், நானும் முள்ளுப் பார்க்காமல்தானே ஓடினனான்" என்றான். வெப்பமானியின் முள்ளைச் சொன்னான். அந்தக் கோடைப் பிற்பகலைப் பற்றி அவன் கலங்காமல் பேசியது அன்றுதான்.

எஞ்சின் உயிர்பெற்றது ஆறாம் வாரம். ரேடியேட்டர் தாழ்வாய் அமைந்த வண்டியாதலால், தண்ணீரில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஒரு மணிநேரம் பொறுமை காத்தோம். அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளிக்கும்வரை தெருவில் ஓட்டலாகாது என்பதில் தாயாரும் நாமும் ஒரே பிடியாய் நின்றோம். சான்றிதழ் வந்த நாளில் தாயார் எம்மிடம் தனியே கேட்டார்.

"சுவாமி, இதை இனி அவற்ற கார் எண்டு சொல்லலாமோ?"

எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது ஹெட்டில் அன்று, பிளாக்கில். பதிவேட்டில் அவர் கணவர் காலத்து எண்ணே இன்றும் நிற்கிறது. கொட்டகைக்கு அழைத்துச்சென்று, விளக்கைப் பிடித்து அந்த இலக்கங்களைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, ஒவ்வொன்றாய் வாய்விட்டு வாசித்தார்.

வெடித்த பழைய ஹெட்டை எடைக்குப் போட அவர் சம்மதிக்கவில்லை. பின்வளவில், கறிவேப்பிலைத் தொட்டிக்கு அணைவாக அதை வைத்திருக்கிறார்.