நாலு இருபது, ஒரு பத்து, ஒரு ஏழு

வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் ஒன்றாவது கிடைக்கும். அதில் தேதியைத் தேடிப் பாருங்கள். எண்ணே இருக்காது, எல்லாம் எழுத்துதான்! 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளில் எந்தத் தேதியையும் எண்ணால் எழுதக்கூடாது என்றது. நல்ல ஏற்பாடுதான். 1-ஐ 7 ஆக்க ஒரு கோடு போதும், எழுத்தில் அந்த வேலை நடக்காது.

ஆனால் படிக்கிறவருக்கும் தெரியணுமே! பாகூரில் எங்களுக்குள்ள கொஞ்சம் நஞ்சை இன்னும் கொள்ளுத்தாத்தா பேரில்தான் கிடக்கிறது. வாரிசு என்று காட்ட அவருடைய பிறப்புப் பதிவை மொழிபெயர்க்கக் கொடுத்தோம். 1887 என்று டைப் அடித்து வந்தது. கல்யாணப் பதிவிலோ 1919-இல் வயது 22. கணக்கு இடித்தது. "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

ஆயா கொதித்துவிட்டது. "எங்க மாமனாருக்குப் பத்து வயச எவன்டா ஏத்தி வச்சான்?"

பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவன் என்பதால் மூலத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். "காத்ர்-வேன்-தீஸ்-செத்" என்று இருந்தது. காத்ர்-வேன் என்றால் நாலு இருபது, அதாவது எண்பது. செத் என்றால் ஏழு. நடுவில் நிற்கிற 'தீஸ்' பத்து. அதைத்தான் மொழிபெயர்த்தவர் விழுங்கிவிட்டார். 4×20+10+7, ஆக 1897! பாரீசுக்காரர்களுக்கு எழுபதுக்கும் தனிச்சொல் கிடையாது, 'அறுபது-பத்து' என்பார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு 'நொனாந்த்' என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம்மை ஆண்டிருந்தால் ஆயாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்காது. திருத்திய மொழிபெயர்ப்போடு மறுபடி மனு கொடுத்தோம், இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கிலீஷ் மட்டும் யோக்கியமா? ஃபோர், ஃபோர்ட்டீன் இரண்டிலும் உள்ள 'யு' ஃபார்ட்டியில் காணாமல் போய்விடும். செக் எழுதும்போது கவனம் வேண்டும். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு.

பிரெஞ்சைக் கேலி பண்ணுகிற நண்பர்கள் நம் கணக்கையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். எழுபது, எண்பது, அப்புறம் 'பது' எங்கே போச்சு? நூறு வருவதற்குள்ளேயே தொண்ணூறு! ஆயிரத்துக்கு நூறு குறையும்போதே தொள்ளாயிரம்!