வஞ்சிரமும் ஆர்.எஸ்.ஐ.யும்

காசிமேட்டில் விடிகாலை ஏலம் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. மீன் வாங்குகிற வீடென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வஞ்சிரம் என்ன விலை விற்கும் என்பது உங்களுக்கே தெரியும். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். வரத்து குறையும், விலை ஏறும். ஏறின விலை, 'அடடா, ரொம்ப ஏறிட்டோமே' என்று வெட்கப்பட்டு இறங்காது. படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால்தான் இறங்கும். ராயபுரத்தில் எந்த மீன்காரம்மாவைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஷேர் மார்க்கெட்டில் பலர் ஆர்.எஸ்.ஐ.யைக் கேட்கிறார்கள்.

வெல்ஸ் வைல்டர் என்கிற அமெரிக்க இன்ஜினீயர் 1978-ல் ஒரு புத்தகத்தில் கொடுத்த கணக்கு இது. பயப்படாதீர்கள், பலசரக்குக் கணக்குதான். கடைசி 14 நாளில் விலை ஏறியதையெல்லாம் ஒரு பக்கம் கூட்டுங்கள்; இறங்கியதை இன்னொரு பக்கம். ஏற்றம் 42 ரூபாய், இறக்கம் 14 என்றால் மொத்த ஆட்டம் 56. அதில் ஏற்றத்தின் பங்கு 75 சதவிகிதம். ஆக, ஆர்.எஸ்.ஐ. 75. (வைல்டர் பழைய சராசரியையும் கொஞ்சம் கலப்பார். அது நமக்கு இப்போது வேண்டாம்.) 70-க்கு மேல் போனால் 'ஓவர்பாட்', 30-க்குக் கீழே 'ஓவர்சோல்ட்'.

வம்பு இங்கேதான் ஆரம்பம். 75 என்பது ஏற்றத்தின் வேகம். அதை 'இனி இறங்கும்' என்று படிக்கிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வேகமாக வரும் கன்டெய்னர் லாரியைப் பார்த்து, 'இவ்வளவு வேகமா வருது, எப்படியும் நின்னுடும்' என்று குறுக்கே போவீர்களா?

திருவொற்றியூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1946-ல் அங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்.பின் ஒரு ஷேர், 2023 ஜூனில் ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. வழியில் எத்தனை தடவை 70-ஐத் தாண்டியிருக்கும்! ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் விற்றுவிட்டு, இறங்கட்டும் என்று காத்திருந்திருப்பார்.

துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பியை டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். செல்போனில் ஐந்து நிமிட சார்ட். அதில் 14 கட்டம் என்றால் மொத்தமே 70 நிமிஷக் கதை. "எழுபத்தஞ்சு வந்துச்சு சார், ஷார்ட் போட்டேன். அது பாட்டுக்கு எண்பத்தஞ்சுக்குப் போயிடுச்சு" என்றார். ஸ்டாப் லாஸ்? "போட்டா, அதைத் தட்டிட்டுத்தான் சார் திரும்புது." போட்ட பணம் மனைவியின் செயினை அடகு வைத்தது.

அவர் தனி ஆள் இல்லை. பங்குச் சந்தையில் அன்றன்றைக்கே வாங்கி விற்ற தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் 2022-23-ல் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொன்னது. வருஷத்தில் 500 தடவைக்கு மேல் விளையாடியவர்களில் 80 சதவிகிதம். முப்பது வயதுக்குக் கீழே 76.

ஆர்.எஸ்.ஐ. வேஸ்ட் என்று சொல்லவில்லை. விலை புது உச்சம் தொடும்போது அது தொடாவிட்டால், ஏற்றத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம் எடுக்கலாம். ஆனால் ஏன் ஏறுகிறது என்று அதற்குத் தெரியாது.

"அன்னிக்கு அந்த ஷேர் ஏன் ஏறிச்சு?" என்று தம்பியைக் கேட்டேன்.

"அதெல்லாம் பாக்கறதில்ல சார்."

அடகுச் சீட்டு அவர் பர்ஸில் இருக்கிறது. மார்ச்சுக்குள் மீட்க வேண்டுமாம்.