ஒரு கைபேசி, மூன்று வகுப்புகள்

கொவிட்-19 காரணமாக 2020 மார்ச் 13 முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 11இல் படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. தங்கை தரம் 8. தம்பிக்கு அவ்வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மூவருக்கும் இருந்ததோ வாப்பாவின் கைபேசி ஒன்றுதான்.

மருதமுனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தறிகள் இருக்கின்றன. நோன்புப் பெருநாள் விற்பனையை நம்பி வாப்பா நெய்த சாரன்கள் கடைகளுக்குப் போகாமல் மடித்தபடியே கிடந்தன. அந்த நிலையிலும் ரீலோட் போடுவதற்கான காசை உம்மா எப்படியோ ஒதுக்கி வைத்தார்.

உம்மா தரம் 5க்கு மேல் படித்தவரல்லர். ஆனால் யாருக்கு எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்பதைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டியவர் அவர்தான். இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் தம்பிக்கே முதலிடம். சூம் வகுப்பின் நடுவே வாப்பாவுக்கு அழைப்பு வந்தால் பாடம் அத்தோடு நின்றுவிடும். வட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளை இரவில் முறைவைத்துப் பார்த்து எழுதுவோம். மங்கலான படத்தில் கணக்கின் அடுக்குகள் தெரியாது.

எங்கள் நிலைமை பரவாயில்லை. மலையகத்தில் சிக்னல் தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய பிள்ளைகளைச் செய்திகளில் பார்த்தோம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வகுப்பில் என் அருகில் இருந்த தோழியின் வீட்டில் ஸ்மார்ட் போனே இல்லை. வகுப்புக் குழுவில் அவளது இலக்கமும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த நாட்களில் என் கொப்பிகளை அவளிடம் கொடுத்து வந்தேன். ஆனால், விளங்காததைக் கொப்பியிடம் கேட்க முடியுமா?

ஜூலையில் தரம் 11 மாணவர்களை மீண்டும் பாடசாலைக்கு அழைத்தார்கள். கேள்வி கேட்டதும் முதலில் கையை உயர்த்தும் அவள், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஒக்டோபரில் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. அவள் கணிதத்தில் சித்தியடையவில்லை. இப்போது தையல் இயந்திரத்தின் முன் இருக்கிறாள்.

"ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று ஊர் சொல்கிறது. பாடம் அவள் வீட்டுவாசல் வரை போய்ச் சேரவில்லை என்பதே உண்மை.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, தொழில்நுட்பம் எங்களைக் கைவிடவில்லை என்கிறோம். கைபேசி இருந்தவர்களுக்கு அது சரிதான். இன்னொரு முறை பாடசாலைக் கதவு மூடப்படும் நிலை வந்தால், அல்லாஹ் காப்பாற்றட்டும், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முன், யார் இல்லை என்று தேடுவோம். அச்சடித்த ஒரு வினாத்தாள், வாரத்தில் ஒருநாள் ஓர் ஆசிரியையின் அழைப்பு, இவையாவது அவள் வீட்டுக்குப் போகட்டும்.