கோடு வளைந்தால் என்ன?

'வினை வேகம்' என்றால் என்ன என்று ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் கேட்டிருந்தால், "பத்து மார்க் கேள்வி" என்றுதான் சொல்லியிருப்பேன்! ஃபார்முலாவை மனப்பாடம் செய்தால் போதும் என்று இருந்தவன். அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு கிராஃப் தாள்.

ஒரு வாரம் லேபில் எத்தில் அசிடேட்டை அமிலம் கலந்த தண்ணீரில் சிதைத்தோம். லாக் எடுத்து வரைந்தால் நேர்கோடு. முதல் வகை வினை. 1850-இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்துக் கண்டதும் இதே வகைதான்.

மறுவாரமும் அதே எத்தில் அசிடேட். அமிலத்துக்குப் பதில் காஸ்டிக் சோடா. கலந்தபின் இரண்டும் லிட்டருக்கு 0.025 மோல், வெப்பநிலை 30 டிகிரி. குறித்த நேரங்களில் பிப்பெட்டில் 10 மில்லி எடுத்து, அளந்து வைத்த அமிலத்தில் விட்டு வினையை நிறுத்த வேண்டும். மிச்சமுள்ள அமிலத்தை டைட்ரேட் செய்ய வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் நிற்கும் அந்தக் கடைசிச் சொட்டுக்காக மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அதே எஸ்டர்தானே" என்று மறுபடியும் லாக் எடுத்து வரைந்தேன். கோடு வளைந்தது! நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று பயம். யாரும் பார்க்காதபோது கடைசி நான்கு புள்ளிகளை ரப்பரால் அழித்து, ஸ்கேல் போகும் வழியிலேயே வைத்துவிட்டேன்.

சார் அட்டவணையையும் கிராஃபையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "ஏம்ப்பா, பியூரெட் பொய் சொல்லுச்சா, நீ சொன்னியா? காஸ்டிக் பாதியாக எவ்ளோ நேரம் ஆச்சு, பாரு" என்றார்.

பார்த்தேன். முதல் பாதி தீர ஏறக்குறைய நாலரை நிமிடம். மீதியில் பாதி தீர 9 நிமிடம். அதிலும் பாதி தீர 18. முதல் வகையானால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரம்தான் ஆக வேண்டும். இங்கே இரட்டித்துக்கொண்டே போகிறது. போன வாரம் தண்ணீர் ஏராளம், அமிலமும் செலவாகவில்லை. குறைந்தது எஸ்டர் மட்டும்தான். இப்போது இரண்டுமே குறைகின்றன. திருவிழாக் கூட்டம் கலையக் கலைய ஒருவர்மேல் ஒருவர் மோதுவது குறைகிற மாதிரி!

லாக்கை விட்டுவிட்டு, ஒன்றைச் செறிவால் வகுத்து வரைந்தேன். அட்டவணையில் இருந்த அதே அளவுகள் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. சாய்வு சுமார் 9. இரண்டாம் வகை வினை.

"இப்ப உன் பொய்க் கோட்டை நம்பி ஒரு ரியாக்டர் ஓட்டு. 95 சதவீதம் முடிய எத்தனை நிமிஷம்?" என்றார் சார். கணக்குப் போட்டேன்: 19 நிமிடம். உண்மைக் கோட்டில் போட்டேன்: 84 நிமிடம்! 19-ஆவது நிமிடத்தில் வால்வைத் திறந்தால், போட்ட காஸ்டிக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்படியே இருக்கும்.

எனக்குச் சட்டென்று அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். வலது கையில் காஸ்டிக் தெறித்த தழும்பு உண்டு. கணக்குப் போடுகிறவர் ஒருவர், வால்வைத் திறக்கிறவர் வேறொருவர்.

"காலேஜ்ல என்னதான்டா சொல்லித் தர்றாங்க?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் விழிப்பேன். எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் படித்ததில்லை, எங்கிருந்து தொடங்குவது? அன்று ராத்திரி சொன்னேன்: "உள்ள போட்டது எப்ப தீரும், எப்ப திறக்கலாம்னு கணக்குப் போடறதுப்பா."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அப்ப அதைச் சரியாப் போடு."

ஜூனியர் நண்பர்களே, உங்கள் கோடும் ஒரு நாள் வளையும். அப்போது ரப்பரைத் தேடாதீர்கள். சீனியர் ரெக்கார்டையும் தேடாதீர்கள். இன்னொரு கிராஃப் தாள் கேட்டு வாங்குங்கள்.

– மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு